இரட்டிக்கும் மெய்யொலிகளும் பிறமொழியாளர் செவியும்

கொல்கத்தாவில் வீடுதோறும் சென்று விவரம் திரட்டும் தமிழ்ப் பணியாளர் ஒருவரிடம், தன் குழந்தையைக் குறித்து ஒரு தாய் ‘கான்னா’ என்கிறாள் எனக் கொள்வோம். வங்காளியில் அச்சொல் அழுகையைக் குறிக்கும். அது ‘கானா’ எனச் செவியில் விழுமாயின், குழந்தை பார்வையற்றதெனப் பதிவேட்டில் ஏறிவிடும். இவ்விரு சொற்களையும் பிரிப்பது மெய்யொலியின் நீளம் ஒன்றே.

இரட்டித்தல் என்று நாம் கூறினும், ஒலி இருமுறை பிறப்பதில்லை. வல்லொலியாயின், வாயின் அடைப்பு சற்றுக் கூடுதலாக நீடிக்கிறது. அம்மௌனத்தையே செவி அளக்கிறது. அதிதி லாஹிரி, ஜார்ஜ் ஹாங்கமர் ஆகிய இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், வங்காளியின் இரட்டை வல்லொலியில் இவ்வடைப்பு ஏறத்தாழ இருமடங்காக நீள்வதும், கேட்போர் முதன்மையாக அந்நீளத்தைக் கொண்டே சொல்லை அறிவதும் புலனாயின.

ஜப்பானிய மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. அங்கு ‘அன’ என்பது துளை. ‘அன்ன’ என்பது அத்தகைய. (பின்னது நம் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது தற்செயலே.) ஆங்கிலத்தில் ஒரு சொல்லினுள் எழுத்து இரட்டிப்பினும் ஒலி இரட்டிப்பதில்லை, ஆதலால் ஆங்கிலம் பேசுவோர் இத்தகைய இணைகளில் பெரிதும் இடர்ப்படுகின்றனர்.

‘கனி’, ‘கன்னி’ என்று பிரித்துக் கேட்கும் தமிழர்க்கு இடரில்லை என்று எண்ணலாம். அது பாதியளவே உண்மை. தமிழில் உயிர்களுக்கிடையே வரும் தனித் தகரம் மென்மையாக ஒலிக்கிறது. இரட்டித்ததே வன்மையாக ஒலிக்கிறது. வங்காளியிலோ தனித் தகரமும் வன்மை குன்றாது. எனவே இலையைக் குறிக்கும் ‘பாதா’ நம் செவிக்குப் ‘பாத்தா’ என்றே கேட்கும். ஆனால் அங்கு ‘பாத்தா’ என்பது வேறு சொல், இருப்பிடத் தகவல் என்னும் பொருளது. மேலும், தமிழில் னகரம் தனிக்குறிலை அடுத்தே இரட்டிக்கும். நெடிலை அடுத்து இரட்டிப்பது நமக்குப் பழக்கமன்று. முற்கூறிய ‘கான்னா’ பிழைபடுவதற்கு அதுவே காரணமாகலாம்.

ஆகவே ஆசிரியர்கள் வன்மை, மென்மையை விடுத்து அடைப்பின் நீளத்தில் மாணவர் கருத்தைச் செலுத்துதல் வேண்டும். தனிச்சொற்களை மெல்லச் சொல்லிக்காட்டுவது மட்டும் போதாது. விரைந்த பேச்சின் இரட்டையொலி, மெதுவான பேச்சின் தனியொலியளவே இருக்கக்கூடும். அண்டையொலிகளோடு ஒப்பிட்டே செவி நீளத்தைத் துணிகிறது. பலர் குரலில், பல வேகங்களில், முழு வாக்கியங்களாகக் கேட்பித்தலே தக்கது. எழுத்தைப் பின்னர்க் காட்டலாம். ‘சத்ய’ என்று எழுதுவதை வங்காளிகள் ‘ஷொத்தொ’ என்றல்லவா சொல்கிறார்கள்!