சொத்தைப் பல்லும் டீ நேரமும்

பல் சொத்தையைத் தடுப்பது எப்படி என்று கேட்டால் எல்லோரும் பிரஷ்ஷில் ஆரம்பிக்கிறார்கள். பெங்களூரு பக்கத்துச் சந்தாபுராவில் தங்கி, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் டீயில் ஆரம்பிப்பது நல்லது. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் அடுத்த டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டால் பல்லுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஸ்வீடனில் 1940-களில் விபேஹோல்ம் மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. ஆனாலும் அது காட்டிய உண்மை நிற்கிறது: சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை, இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குத்தான் கிடுகிடுவென ஏறியது.

ஆகவே இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் குடிக்கும் டீ சர்க்கரை இல்லாமல் இருக்கட்டும். முடியாதென்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். ஃபிளாஸ்க்கை மேஜையில் வைத்து மணிக்கணக்காக உறிஞ்சுவதுதான் மோசம். 'நான் நாட்டுச் சர்க்கரைதானே போடுகிறேன்' என்பார்கள். அதுவும் வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். பாக்டீரியாவுக்கு அந்தப் பேதம் தெரியாது.

இரண்டு வேளை பல் தேய்ப்பது தெரிந்ததே. சறுக்கும் இடம், தூங்கும் முன் தேய்ப்பதில் இருக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். நைட் ஷிஃப்ட்காரருக்கு அந்த வேளை காலையில், வீடு திரும்பிப் படுக்கும் முன். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள்; பல்லில் தங்கும் ஃபுளோரைடுதான் கரைந்ததைத் திரும்பக் கட்டுகிறது. டியூபில் 1000 பி.பி.எம். என்று இருக்கிறதா பாருங்கள், இந்தியாவில் அதுதான் உச்ச வரம்பு. மூலிகைப் பசை பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஓசூரைத் தாண்டினால் கிருஷ்ணகிரி, தருமபுரி. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர்வெல் தண்ணீர் குடிக்கிறவர்களுக்குப் பசையிலும் ஃபுளோரைடு எதற்கு, பல்லில் கறை விழாதா என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கறை விழுவது, பல் வளரும் வயதில் ஃபுளோரைடை அதிகமாக விழுங்குவதால். துப்பிவிடும் பசை பல்லின் மேற்பரப்பில் வேலை செய்கிறது. குழந்தைகளுக்கு மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு பசை, ஆறு வரை பட்டாணியளவு. பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளைப் புள்ளியாக இருக்கும்வரை சொத்தையைத் திருப்பிவிடலாம். குழி விழுந்துவிட்டால் டாக்டர்தான். டிரில்லுக்குப் பயப்படும் குழந்தைக்குச் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு தடவச் சொல்லிக் கேட்கலாம். இடம் கறுத்துவிடும், ஆனால் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 'ஃபில்லிங் போட்டாச்சே' என்று பழைய டீப் பழக்கத்துக்குத் திரும்பினால் அதன் ஓரத்திலேயே மறுபடி அரிக்கும். வலி தானாக நின்றால் கிராம்புத் தைலத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், நரம்பு செத்திருக்கலாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே போங்கள்.