கண் தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போடலாம்!

கொடைரோடு பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய், வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. "வைத்தியரய்யா, மூலிகைச் சாறு ஏதாவது பிழிஞ்சு விட்டா பார்வை திரும்புமா?" என்றார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. பட்டுப்போன கண் நரம்பு எந்த மருந்துக்கும் துளிர்க்காது. கண்ட சாற்றை விட்டால் கண்ணில் புண்தான் வரும். "இருக்கிற வெளிச்சத்தைக் காப்பாத்தணும். கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீங்க" என்றேன்.

அடுத்த கவலையைச் சொன்னார். தோட்டக் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளில் பழகிவிட்டார். இப்போது விண்டோஸ் பழுது. புதிதாகப் போட வேண்டும். "போடும்போது அது பேசாதாமே! மகன் வெளியூர்ல. ஒவ்வொண்ணுக்கும் யாரைக் கூப்பிட?"

பேசும்! என் தம்பி மகன் சொல்லித்தர, நானே கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்த முறை இது.

1. முதலில் கணக்கு, படம் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி எடுங்கள். இதைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு!

2. குறைந்தது 8 ஜி.பி. கொண்ட பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிக்கொள்ளுங்கள்.

3. பென்டிரைவிலிருந்து கிளம்பச் சொல்லும் ஆரம்பத் திரை மட்டும் பேசாது. அழுத்த வேண்டிய பொத்தானும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த ஒரு கட்டத்துக்குப் பார்வையுள்ளவர் துணை வேண்டும்.

4. நிறுவும் திரை வர ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நரேட்டர் என்னும் குரல் பேசத் தொடங்கும். டேப் பொத்தானால் நகர்ந்து, என்டரால் தேர்ந்தெடுக்கலாம்.

5. எந்த வட்டில் போடுவது என்று கேட்கும். அளவை இரண்டு முறை காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். தவறான வட்டை அழித்தால் மீளாது.

6. முடிந்ததும் என்.வி.டி.ஏ. மென்பொருளைப் போடுங்கள். இலவசம், தமிழும் படிக்கும். 2006-ல் இதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனுக்கும் பார்வை கிடையாது.

புனேயில் பிறந்த டி.வி. ராமன் 14 வயதில் இதே கிளாக்கோமாவால் பார்வை இழந்தார். 1994-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் மென்பொருளையே எழுதினார்!

நம்ம தோட்டக்காரர் பத்து நாள் கழித்து போன் செய்தார். "ஆரம்பத்துல மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். மிச்சமெல்லாம் நானேதான்யா!" அந்தக் குரலில் இருந்த தெம்பு எந்த லேகியத்திலும் கிடைக்காது.

ஒன்று மறக்காதீர்கள். இந்த நோய் வலியில்லாமல் வரும், குடும்பத்தில் தொடரும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், 40 வயதுக்குக் காத்திராமல் இப்போதே கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் மகனிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.