உரிமை கொண்டாடாத அன்பு

பசித்த உயிருக்கு உணவிடுவது அறம் என்பதில் நம் நாட்டில் எவருக்கும் ஐயமில்லை. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணும் இல்லங்கள் இன்றும் உள்ளன. வாசலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கும் உணவாகிறது. ஆனால், உணவு பெற்ற அந்த உயிர் அதன்பின் என்ன ஆகிறது என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. இட்டவர் மனநிறைவுடன் வீட்டினுள் சென்றுவிடுகிறார். உண்ட உயிர் தன் வழியே போய்விடுகிறது.

அந்தக் கேள்வியை விடாமல் எழுப்பி, அதற்கு விடையைச் செயலில் தேடியவர்கள் சிலர் உள்ளனர். ஆதரவற்ற பூனைகளுக்காகப் புகலிடம் நடத்தும் தொண்டர்கள் அவர்கள். சேவையை ஒரு சாதனையாகக் கருதும் எவரும் அவர்களது அனுபவத்திலிருந்து கற்க வேண்டியவை பல.

இருவகைப் பூனைகள்

ஆதரவற்ற பூனைகள் யாவும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஒரு காலத்தில் வீட்டில் வளர்ந்து, பின்னர் வேண்டாமென்று கைவிடப்பட்டவை ஒரு வகை. மனிதர் மடியை அறிந்த இவை மீண்டும் ஒரு வீட்டையே நாடுகின்றன. தெருவிலும் பாழடைந்த கட்டடங்களிலும் பிறந்து, மனிதர் கைபடாமலே வளர்ந்தவை மற்றொரு வகை. பூனைக்குட்டி பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏறத்தாழ ஏழாவது வாரம் வரையிலான காலமே, மனிதரிடம் அது அச்சமின்றிப் பழகக் கற்கும் பருவம். அப்பருவம் மனிதத் தொடர்பு இன்றிக் கழிந்துவிட்டால், வளர்ந்த பூனைக்கு மனிதர் ஓர் அச்சமாகவே நிலைத்துவிடுகிறார். அத்தகைய பூனையை அன்பு மிகுதியால் வீட்டினுள் அடைத்தால், அடைத்தவருக்கு அது அன்பு. பூனைக்கோ அது சிறை.

எனவே தொண்டரின் முதற்கடமை, எதிரில் நிற்கும் உயிரின் இயல்பை அறிவதாகும். 'எனக்கு எது மகிழ்ச்சி?' என்னும் கேள்வியை விலக்கி, 'இதற்கு எது நன்மை?' என்று கேட்பதிலிருந்தே சேவை தொடங்குகிறது.

ரோம் நகரின் இடிபாடுகளில்

இத்தாலியின் தலைநகரான ரோமின் நடுவே லார்கோ தி தோர்ரே அர்ஜென்தினா என்னும் சதுக்கம் உள்ளது. 1926 முதல் 1929 வரை அங்கு நடந்த அகழ்வில், ரோமானியக் குடியரசுக் காலத்தைச் சேர்ந்த நான்கு கோயில்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட மண்டபத்தின் ஒரு பகுதியும் அங்கேதான் உள்ளது. தெரு மட்டத்திற்குக் கீழே, வாகனங்கள் அணுக இயலாத அப்பள்ளத்தில் விரைவிலேயே பூனைகள் குடியேறின. ரோமில் பூனைகளுக்கு உணவளிக்கும் பெண்களைக் 'கத்தாரே', அதாவது 'பூனைக்காரிகள்', என்று அழைப்பர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்பூனைகளுக்கு உணவளித்து வந்தனர்.

1993-இல் லியா டெக்கல், சில்வியா விவியானி என்னும் இரு பெண்மணிகள் அப்பணியில் சேர்ந்தனர். அதுவரை அங்கு ஒரு பெண்மணி தனியொருவராகவே எல்லாப் பூனைகளுக்கும் உணவிட்டும், கருத்தடை அறுவை செய்வித்தும் வந்தார். அவரிடம் கருணைக்குக் குறைவில்லை. ஆயினும் அந்தச் சுமை அவரது பொருளையும் மனவலிமையையும் ஒருங்கே கரைத்து, அவரை நொடிந்துபோகும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. புதிதாக வந்த இருவரும் அவருக்குத் துணை நின்றனர், பிறரையும் சேர்த்தனர். தெருவுக்கு அடியில் குகை போன்ற, தாழ்ந்த கூரையுடைய ஓர் இடத்தில் புகலிடம் உருப்பெற்றது. தொடக்கத்தில் அங்கே குழாய்நீரும் இல்லை, மின்சாரமும் இல்லை. இடிபாடுகளைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளிடம் பணியை விளக்கி, நன்கொடை திரட்டி அவர்கள் அதனை வளர்த்தனர். ஒருவரது உருக்கத்தை மட்டும் நம்பியிருந்த தொண்டு, பலர் பகிர்ந்து தாங்கும் கடமையாக மாறியபோதுதான் நிலைபெற்றது.

உணவு மட்டும் போதுமா?

பெண்பூனை பிறந்த நான்கு முதல் ஆறு மாதங்களிலேயே கருவுறும் பருவத்தை எய்திவிடக்கூடும். கருக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்களே. ஓராண்டில் இருமுறை, மும்முறை குட்டி ஈனுவதும் உண்டு. உணவு மட்டும் தாராளமாகக் கிடைத்து வேறெதுவும் செய்யப்படாவிடில், பூனைகள் பெருகுகின்றன. பிறக்கும் குட்டிகளுள் பல நோயாலும், வாகனங்களாலும், குளிராலும் மடிகின்றன. இன்று ஒரு பூனையின் பசியைத் தணித்த கை, மறு ஆண்டில் பல குட்டிகளின் துயரத்திற்குக் காரணமாகிவிடலாம்.

இதனை உணர்ந்த தொண்டர்கள் ஒரு முறையைக் கைக்கொண்டனர். பூனையைக் காயமின்றிக் கூண்டில் பிடிக்கின்றனர். மருத்துவரிடம் கொண்டுசென்று கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்விக்கின்றனர். மயக்கத்தில் இருக்கும்போதே காதுநுனியைச் சிறிது கத்தரித்து அடையாளம் இடுகின்றனர். உடல் தேறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகின்றனர். அந்த அடையாளத்தால் அதே பூனை மீண்டும் அறுவைக்கு உட்படுவது தவிர்க்கப்படுகிறது.

இத்தாலி நாடு 1991-ஆம் ஆண்டின் 281-ஆம் எண் சட்டத்தால் இம்முறைக்கு ஏற்பளித்தது. சுதந்திரமாக வாழும் பூனைகளைத் துன்புறுத்தலாகாது. அரசின் சுகாதாரத் துறை அவற்றுக்குக் கருத்தடை செய்து மீண்டும் அவற்றின் கூட்டத்திலேயே சேர்க்க வேண்டும். கடும் நோயுற்றவற்றையும் தீராத நோயுடையவற்றையும் தவிர எவற்றையும் கொல்லலாகாது என்று அது விதித்தது. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை உயிர்நலச் சங்கங்கள் ஏற்கவும் வழிசெய்தது.

எனினும் சட்டத்தால் எல்லா இடர்களும் நீங்கிவிடவில்லை. 2012-இல் தொல்லியல் அதிகாரிகள், பழம்பெரும் சின்னங்களின் நடுவே புகலிடம் அமைந்திருப்பது முறையன்று எனக் கூறி, அதனை அகற்ற முற்பட்டனர். அவர்கள் தரப்பிலும் ஒரு கடமையுணர்வு இருந்தது. வரலாற்றைக் காப்பதும் ஓர் அறமே. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் புகலிடத்திற்கு ஆதரவாகக் கையொப்பமிட்டனர், புகலிடம் நீடித்தது. 2023 ஜூன் மாதம் பார்வையாளர்களுக்கான நடைபாதைகளுடன் அத்தொல்லிடம் திறக்கப்பட்டது. வரலாறு காண வருவோர் இப்போது பூனைகளின் நடுவிலேயே நடந்து செல்கின்றனர்.

நீரின்மேல் ஓர் இல்லம்

கைவிடப்பட்ட வீட்டுப் பூனைகளின் தேவை வேறு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், 1966-இல் ஹென்ரியெட் வான் வீல்டே என்னும் பெண்மணி தம் வீட்டெதிரே ஒரு மரத்தடியில் தாய்ப்பூனையையும் குட்டிகளையும் கண்டு அடைக்கலம் கொடுத்தார். செய்தி பரவியது, பிறரும் பூனைகளைக் கொண்டுவந்தனர். வீடும் தோட்டமும் நிரம்பின. இடமில்லாத அந்நகரில் கால்வாய்களில் படகுகளையே வீடாக்கி மக்கள் வாழ்வதை அவர் கண்டிருந்தார். 1968-இல் பழைய சரக்குப் படகு ஒன்றை வாங்கிப் பூனைகளை அதில் குடியமர்த்தினார். 1971-இல் இரண்டாவது படகும் சேர்ந்தது. 1987-இல் அது முறையான அறக்கட்டளையாயிற்று. வான் வீல்டே அம்மையார் 2005-இல் காலமானார். அவருக்குப் பின்னரும் தொண்டர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அப்படகின் நோக்கம் பூனைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதன்று. தகுந்த வீடு கண்டு அவற்றை அனுப்பி வைப்பதே. நோயிலிருந்து மீட்டு, நாள்தோறும் கையால் ஊட்டி வளர்த்த உயிரை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைப்பது எளிதன்று. 'என்னைப் போல் யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று மனம் முரண்டும். அந்த எண்ணத்திற்கு இடங்கொடுத்தால் பழைய பூனை அங்கேயே தங்கிவிடும். புதிதாக வரும் பூனைக்கு இடமிராது. பற்றை விடுதல் இங்கே ஒரு பூனைக்கான படுக்கை இடமாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

பறவைக்கும் நியாயம்

பூனை வேட்டையாடும் பிராணி. அதற்கு இரங்குபவர், அது கொல்லும் பறவைக்கும் இரங்க வேண்டுமல்லவா? பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாயித் தீவுக்கூட்டத்தில் லானாய் ஒரு சிறு தீவு. அழிவின் விளிம்பிலுள்ள ஹவாயி பெட்ரல் என்னும் கடற்பறவை அங்கே நிலத்தில் வளை அமைத்து முட்டையிடுகிறது. தரையில் கூடுகட்டும் பறவைக்குப் பூனை பெரும் பகை. ஆகவே அங்கு, பூனையைப் பிடித்த இடத்திலேயே விடும் ரோமானிய முறை பொருந்தாது. அத்தீவின் பூனைப் புகலிடம், பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, வேலியிட்ட திறந்தவெளியில் நூற்றுக்கணக்கில் பேணுகிறது. பறவையும் பிழைக்கிறது; பூனையும் கொல்லப்படுவதில்லை.

ரோமில் சரியானது லானாயில் தவறாகலாம். கருணை ஒன்றே, அது எடுக்கும் வடிவம் இடத்திற்கு ஏற்ப மாறுகிறது. அந்த வடிவத்தைத் தேர்ந்து காட்டுவது விவேகம்.

நம் நெறியும் அதன் இயல்பும்

இந்தியாவில், குறிப்பாகச் சைவ உணவு கொள்ளும் இல்லங்களில், பூனைக்குப் பாலும் தயிர்ச்சோறும் வைப்பது வழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகிறது. பூனையின் உடல் ஊன் உணவையே சார்ந்தது. டாரின் என்னும் சத்துப் போதாவிடில் அதன் விழித்திரை சிதைகிறது என்பதை 1975-இலும், இதயம் பழுதடைகிறது என்பதை 1987-இலும் அறிவியலாளர்கள் வெளிப்படுத்தினர். அச்சத்து இயற்கையாக ஊனிலும் மீனிலும் கிடைப்பது. பருப்பிலோ அரிசியிலோ கிடைப்பதன்று.

அகிம்சையை விரதமாகக் கொண்டவருக்கு இது உண்மையான ஒரு தர்மசங்கடம். இதற்கு எளிய தீர்வு எதுவும் இல்லை. தம்மால் ஊன் உணவு தர இயலாதெனில், அதனைத் தரக்கூடிய இல்லத்திற்குப் பூனையை ஒப்படைக்கலாம். அல்லது கருத்தடை, மருத்துவம், கூண்டைத் தூய்மை செய்தல் போன்ற பணிகளை ஏற்றுத் தொண்டருக்குத் துணை நிற்கலாம். தம் விரதத்தை மற்றோர் உயிரின் வயிற்றில் சுமத்துவது மட்டும் கருணையாகாது.

எல்லையை அறிதல்

இத்தகைய புகலிடங்களை அழிப்பது பெரும்பாலும் கொடுமையன்று, அளவறியா இரக்கமே. வரும் பூனை ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டே போனால் இடம் நெருங்குகிறது, நோய் பரவுகிறது, முன்னரே அங்கிருந்தவையும் சேர்ந்து துன்புறுகின்றன. நல்ல புகலிடம் தன் எண்ணிக்கைக்கு வரம்பு வகுக்கிறது. 'இப்போது இடமில்லை' என்று சொல்லும் தொண்டரின் நெஞ்சு வலிக்கும். அந்த வலியைத் தாங்கி, உள்ளே உள்ளவற்றுக்குச் செய்த உறுதியைக் காப்பதும் தொண்டின் ஒரு பகுதியே.

அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. அதனை நிறைவேற்றப் பெரிய புகலிடம் எழுப்ப வேண்டியதில்லை. தெருவில் உணவிடும் ஒருவர், தாம் உணவிடும் பூனைகளை எண்ணி வைத்துக்கொண்டு, அண்டைவீட்டார் இருவரைத் துணை சேர்த்து, ஒவ்வொன்றாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றாலே போதும். அப்பூனைகள் அவரை நெருங்கி வந்து நன்றி காட்டாமல் போகலாம். அவரைக் கண்டதும் ஓடி ஒளியவும் செய்யலாம். ஓடுவதற்கு உடலில் வலிமை இருக்கிறதா, காயம் ஏதும் உண்டா என்று தொலைவிலிருந்தே பார்த்து, தட்டை வைத்துவிட்டு அவர் விலகி நிற்பார். பூனை வந்து உண்ணும்.