தளரும் தோலுக்கு எதில் காசு போடலாம்?

சாவகச்சேரியிலிருந்து கொடிகாமம் பக்கம் சைக்கிளில் போய்ப் படிப்பித்தவள் நான். காலையில் கிழக்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பள்ளி விட்டுத் திரும்பும்போது மேற்கே சரியும் வெயிலும் அதே முகத்தில்தான். ஓய்வு பெறும் வயதில் கன்னமும் கழுத்தும் தளரத் தொடங்கியதும், தோலை இறுக்கும் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் விசாரித்தேன், சிலவற்றைப் பாவித்தும் பார்த்தேன். காசு செலவழிக்க முன்னர் என் வயதுப் பெண்கள் அறிய வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையைப் பாருங்கள். மேற்கையின் உட்புறத் தோல் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தில் புள்ளியும் சுருக்கமும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே வயதுதான், வித்தியாசம் வெயிலால் வந்தது. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இளவயது முடிந்த பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 வீதம் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் மட்டும் சுமார் 30 வீதம் போய்விடுகிறது. வயதை நிறுத்த முடியாது. ஆனால் வெயிலின் பங்கைத் தடுக்கலாம்.

சன்ஸ்கிறீன்: ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 900க்கு மேற்பட்டோரை நாலரை ஆண்டுகள் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாள்தோறும் சன்ஸ்கிறீன் பூசியவர்களின் தோல், விரும்பிய நேரம் மட்டும் பூசியவர்களைவிட 24 வீதம் குறைவாகவே முதுமை காட்டியது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாததாக வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் வேண்டும், பொட்டளவு பூசினால் பயனில்லை. எங்களைப் போன்ற மண்ணிறத் தோலில் கரும்படலம் எளிதில் வரும் என்பதால் நிறம் கலந்த சன்ஸ்கிறீன் இன்னும் நல்லது. மதிய வெயிலுக்குக் குடையும் நீளக்கைச் சட்டையும் அதோடு சேர வேண்டும்.

இரவுக் கிறீம்: பூசும் மருந்துகளில் கொலாஜனை உண்மையாகவே கூட்டுவதாக நன்கு நிறுவப்பட்டது ட்ரெடினோயின். தோல் வைத்தியரின் சீட்டோடுதான் இதை வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் ரெட்டினோல் அதே குடும்பம், வலுக் குறைந்தது. பயறளவு எடுத்து, வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்குங்கள். முதல் கிழமைகளில் தோல் உரியும், எரியும். அந்த நேரம் இடைவெளியைக் கூட்டி, மேலே ஈரப்பதம் தரும் கிறீம் பூசினால் தாங்கும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பலர் ஒரு மாதத்தில் விட்டுவிடுவதால்தான் "இது சரிவரேல்லை" என்கிறார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது.

கொலாஜன் கிறீம்: "அக்கா, இதைப் பூசுங்கோ, தோல் இறுகும்" என்று லண்டனிலிருந்து வந்த தங்கச்சி ஒரு போத்தல் தந்தா. பூசிய காலையில் முகம் பளபளத்தது, பின்னேரம் பழையபடி. கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் இறங்க முடியாத அளவு பெரியது, மேலே ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும். எங்கள் தேங்காயெண்ணெயும் கற்றாழையும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கின்றன. பயற்றம் மா அழுக்கை மென்மையாக எடுக்கும். இவற்றைத் தாராளமாகப் பாவியுங்கள், இறுக்கத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போவது கூடாது, தோல் வெந்து கறுத்துவிடும்.

மெஷின் சிகிச்சை: ரேடியோ அலையும் அல்ட்ராசவுண்டும் தோலின் அடியைச் சூடாக்கிப் புதுக் கொலாஜனைத் தூண்டுகின்றன. லேசான, நடுத்தரத் தளர்வுக்கு ஓரளவு பலன் உண்டு. அது மெல்ல மெல்ல, மாதக் கணக்கில்தான் தெரியும், பிறகும் திரும்பச் செய்ய வேண்டிவரும். லேசர் என்றால் மண்ணிறத் தோலில் கரும்புள்ளி விடக்கூடும். எங்கள் நிறத்தோருக்குச் செய்து பழகிய வைத்தியரிடம் மட்டுமே போங்கள். பொட்டொக்ஸ் தசையைத் தளர்த்தி நெற்றிக் கோட்டைக் குறைக்கும், தொங்கும் தோலை இறுக்காது. தாடைக்குக் கீழே தோல் நன்றாகத் தொங்கிவிட்டால் சத்திரசிகிச்சைதான் தூக்கும்.

தொடவே கூடாதது: பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருமுறை ஒரு ரியூப் கொண்டுவந்து காட்டினா. வெள்ளை முகப் படம் பெரிதாக இருந்தது. என்ன சேர்ந்திருக்கிறது, யார் செய்தது, எப்போது காலாவதி, எதுவுமே இல்லை. இப்படியான வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமோ வலுவான ஸ்டீரொய்டோ இருக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொய்ட் தோலை மெலிய வைத்து இரத்தக் குழாய் தெரியும்படி செய்துவிடும். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்ற பெயர்களைக் கண்டால் வைத்தியர் சொல்லாமல் முகத்தில் பூசாதீர்கள்.

ஆகவே காசை இந்த வரிசையில் போடுங்கள். முதலில் குடை, சன்ஸ்கிறீன். அடுத்து தோல் வைத்தியரைப் பார்த்து இரவுக் கிறீம். இவை இரண்டையும் ஒரு வருடம் விடாமல் செய்து, கழுத்தையும் புறங்கையையும் மறக்காமல் பூசி, அதன் பிறகும் மனம் நிறையாவிட்டால் மட்டும் மெஷினைப் பற்றி யோசியுங்கள். அந்த மூன்றாம் படிக்குப் போகும் தேவை பலருக்கு வராது.