அண்ணன்மாரும் அக்காமாரும்

பட்டினத்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று குறைகூறாத தலைமுறை இருந்ததில்லை. குறைகூறுவது இலகு. ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவோம் என்று எழுந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சிந்தித்திருக்கிறீர்களா? அமெரிக்க நகரங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு முயற்சியைப் பற்றி இன்று படிப்போம். பங்கிலே வாலிபருக்காக ஏதேனும் தொடங்க எண்ணும் பெற்றோரும் ஆசிரியரும் இதைச் சற்று நிதானமாக வாசிக்கவேண்டும்.

1902ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. அங்கே லிகிதராகக் கடமையாற்றியவர் ஏர்னஸ்ட் கூல்ற்றர். களவுக்கும் தெருச்சண்டைக்கும் பிடிபட்டுவரும் பையன்களை நாள்தோறும் பார்த்த அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தண்டனை குறைவாயிருப்பதல்ல, அக்கறையோடு விசாரிக்கப் பெரியவர் ஒருவர் இல்லாதிருப்பதே அநேகருடைய குறை. 1904 டிசம்பரில் ஓர் ஆலயத்தின் ஆடவர் சங்கத்திலே அவர் பேசினார். ஒருவர் ஒரு பையனுக்கு மூத்த அண்ணனாக இருக்கவேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். ஏறக்குறைய 40 பேர் முன்வந்தனர். ‘பெரிய அண்ணன்மார்’ இயக்கம் இப்படித் தொடங்கியது. அதற்கு முன்னரே, அதே நீதிமன்றத்துக்கு வந்த பெண்பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பெண்மணிகள் சிலர் விசாரித்து ஆதரித்து வந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆடவர் செய்ததே பெரிதாகப் பேசப்படுவது எங்கும் உள்ள வழக்கம். 1977இல் அண்ணன்மாரும் அக்காமாரும் ஒரே அமைப்பாயினர்.

நல்லெண்ணம் இருந்தால் நன்மை விளையும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே நடந்ததைக் கேளுங்கள். வைத்தியர் றிச்சட் கபொட் என்பவரின் முயற்சியால் கேம்பிறிட்ஜ், சமர்வில் என்னும் இரு நகரங்களிலிருந்து 506 சிறுவர் தெரிவுசெய்யப்பட்டனர். வயதிலும் குடும்ப நிலையிலும் ஒத்தவர்களை இருவர் இருவராகச் சோடி சேர்த்து, ஒருவனுக்கு உதவியளித்தார்கள். மற்றவனை அவன் பாட்டில் விட்டார்கள். 1939 முதல் 1945 வரை ஆலோசகர்கள் வீட்டுக்குப் போனார்கள், பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், வைத்தியரிடம் கூட்டிச் சென்றார்கள், கோடைகால முகாம்களுக்கும் அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகளின் பின் ஜோன் மக்கோட் என்ற பெண் ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களிற் பலர் அதனால் நன்மை அடைந்ததாகவே நன்றியோடு சொன்னார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. மீண்டும் மீண்டும் குற்றஞ் செய்தவர்களும், குடிப்பழக்கத்துக்கு ஆளானவர்களும், இளம் வயதில் இறந்தவர்களும் உதவி பெற்றவர்களிடையேதான் அதிகமாயிருந்தனர்!

ஏன் இப்படி? பிற்காலத்தில் அதே பதிவேடுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, தீமை பெரும்பாலும் கோடைகால முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடமே காணப்பட்டது. குழப்படிப் பையன்களை ஒன்றாகக் கூட்டினால், ஒருவன் தன் துடுக்கை அளப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிவிடும் என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். குழப்படிக்காரரை எல்லாம் பிடித்து ஒரு கழகத்திலே போட்டுவிட்டால் திருந்திவிடுவார்கள் என்று நம்மிடையேயும் சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையிலே நன்மை இருப்பதும் மெய்யே. 1990களின் முற்பகுதியில் எட்டு நகரங்களில், 10 முதல் 16 வயது வரையான 959 பிள்ளைகளைக் கொண்டு அண்ணன்மார் அக்காமார் அமைப்பைப் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு உடனே ஒருவரை அமர்த்தினார்கள். மற்றப் பாதிப் பேர் காத்திருந்தனர். பதினெட்டு மாதங்களின் பின் பார்த்தபோது, அண்ணனோ அக்காவோ கிடைத்தவர்களில் போதைப்பொருளைப் புதிதாகத் தொட்டவர்கள் 46 வீதம் குறைவு. மதுவைத் தொட்டவர்கள் 27 வீதம் குறைவு. பாடசாலைக்குப் போகாது நின்ற நாட்களும் பாதியாகக் குறைந்திருந்தன. இவ்வளவுக்கும் அவர்கள் செய்ததென்ன? மாதத்தில் மூன்று தடவையளவில் சில மணி நேரம் ஒன்றாகக் கழித்தார்கள். பந்தடித்தார்கள், சாப்பிட்டார்கள், கதைத்தார்கள்.

இன்னுமொரு குழுவினர் 82 சோடிகளை அருகிருந்து கவனித்தார்கள். பையனைத் திருத்துவதையே நோக்காகக் கொண்டு வந்தவர்களின் உறவு பெரும்பாலும் சில மாதங்களில் முறிந்தது. ‘இன்றைக்கு என்ன செய்வோம்?’ என்று பையனையே கேட்டு, அவன் போக்கில் பழகத் தொடங்கியவர்களின் உறவு நிலைத்தது. புத்தி சொல்லும் உரிமையும் அவர்களுக்கே பின்னர் கிடைத்தது.

எல்லாவற்றிலும் கவலைதரும் செய்தி 2002இல் வெளியானது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே மிகுந்த நன்மை தந்தன. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததிலும் தாழ்ந்தது. தகப்பன் விட்டுப்போன பிள்ளைக்கு வந்த அண்ணனும் போய்விட்டால், குறை தன்னிலேதான் என்று அது எண்ணாதா?

ஆகவேதான் அந்த அமைப்பினர் வருகிறவரின் ஆர்வத்தை மட்டும் பார்ப்பதில்லை. பொலிஸ் பதிவைப் பார்க்கிறார்கள், தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள், நேர்முகமாகக் கேள்வி கேட்கிறார்கள். தாயோ தகப்பனோ சம்மதித்த பின்னரே பிள்ளையைச் சந்திக்க விடுகிறார்கள். அதன்பின்னும் ஓர் ஊழியர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் அண்ணனிடமும் தனித்தனியே அடிக்கடி விசாரித்துக்கொண்டிருப்பார். இவ்வளவையும் ஏற்பவரிடம் கடைசியாக ஒரு கேள்வி: அடுத்த ஆண்டு இதே மாதம் நீங்கள் இந்த ஊரில் இருப்பீர்களா?