விமானத்துக்குச் சட்டம் வந்தது, டிக்கெட்டுக்கு?

அன்புள்ள வாசக நண்பருக்கு,

விமானத்தைக் குத்தகைக்கு விடும் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போடுகிறார்கள், முன்பணம் கட்டி டிக்கெட் எடுத்தவனை மட்டும் ஏன் தெருவில் விடுகிறார்கள் என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பின்பாதியில் நான் உங்கள் கட்சி. முன்பாதியில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்தச் சட்டம் வந்தே ஆகவேண்டியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் நாட்டு விமான நிறுவனங்கள் ஓட்டும் விமானங்களில் பெரும்பாலானவை அவற்றுக்குச் சொந்தமில்லை. அயர்லாந்து போன்ற நாடுகளில் இருக்கும் குத்தகை நிறுவனங்களிடம் மாத வாடகைக்கு எடுத்தவை. சொந்தக்காரர் அங்கே இருந்தாலும், விமானத்தின் மேல் எழுதியிருப்பது ‘விடி’ என்று தொடங்கும் இந்தியப் பதிவெண். 1944-ல் உருவான சிகாகோ உடன்படிக்கையின்படி ஒரு விமானம் ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்க முடியாது. ஆகவே, வாடகை வராவிட்டால் விமானத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு நாட்டில் ஓட்டலாம் என்று சொந்தக்காரர் நினைத்தால், முதலில் டெல்லியில் உள்ள டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இங்குள்ள பதிவை ரத்து செய்தாக வேண்டும்.

இதற்காகவே 2001-ல் கேப்டவுன் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 2008-ல் அதில் சேர்ந்தது. குத்தகை எடுக்கும்போதே விமான நிறுவனம் ‘ஐடெரா’ என்ற ஒப்புதல் கடிதத்தைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடும். ‘நான் பணம் தராவிட்டால் பதிவை ரத்து செய்து விமானத்தை வெளியே அனுப்பலாம்’ என்பது அதன் சாரம். கொடுத்தபின் தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது. விமான நிறுவனம் திவாலானாலும் இரண்டு மாதத்துக்குள் ஒன்று பாக்கியைத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது.

ஒப்புக்கொண்டதோடு சரி. அதற்கு உயிர் கொடுக்கும் உள்நாட்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றவில்லை. இடையில் 2016-ல் திவால் சட்டம் வந்தது. அதன் 14-வது பிரிவு, திவால் மனு ஏற்கப்பட்ட நிமிடத்திலிருந்து கடன்காரர்கள் யாரும் எதிலும் கைவைக்கக் கூடாது என்று தடைக்காலம் விதிக்கிறது. கம்பெனியின் கைவசம் இருக்கும் பொருளை அதன் சொந்தக்காரரே கூட மீட்க முடியாது. 238-வது பிரிவோ, மற்றச் சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே செல்லும் என்கிறது. கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொடுத்த அண்டாவை, சமையல் கான்ட்ராக்டர் நொடித்துப் போனார் என்பதற்காகப் பாத்திரக்கடைக்காரர் திரும்பக் கேட்கக் கூடாது என்றால் எப்படி? அந்த நிலைதான்.

2023 மே மாதம் ‘கோ ஃபர்ஸ்ட்’ விமான நிறுவனத்தில் இது வெட்டவெளிச்சமானது. பிராட் அண்ட் விட்னி இன்ஜின்கள் பழுதாகி விமானங்கள் முடங்கியதே காரணம் என்று சொல்லி, அந்த நிறுவனம் தானே தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மே 10-ம் தேதி மனு ஏற்கப்பட்டது. அதோடு 54 விமானங்களும் பூட்டுக்குள் போயின. குத்தகை நிறுவனங்கள் நீட்டிய ஐடெராக்களை வைத்து டிஜிசிஏ-வால் எதுவும் செய்ய முடியவில்லை. விமானம் சும்மா நின்றால் சும்மா இருக்காது. இன்ஜினுக்குள் ஈரம் சேரும், டயர் கெடும், பராமரிப்புக் கெடுக்கள் தாண்டிப் போகும். உதிரிபாகங்கள் காணாமல் போயின என்று சொந்தக்காரர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். அந்த அக்டோபரில் மத்திய அரசு விமானங்களுக்கும் இன்ஜின்களுக்கும் தடைக்காலத்திலிருந்து விலக்கு அளித்தது. அது பழைய வழக்குக்கும் பொருந்துமா என்று வாதம் தொடர்ந்தது. கடைசியில் 2024 ஏப்ரல் 26-ல்தான், ஐந்து வேலைநாட்களுக்குள் பதிவை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு மாதத்தில் முடிய வேண்டியதற்கு ஏறக்குறைய ஒரு வருடம்.

‘அயர்லாந்துக்காரன் நஷ்டப்பட்டால் எனக்கென்ன’ என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்த பொருள் திரும்பி வருமா என்று சந்தேகப்படுபவன் வாடகையைக் கூட்டுவான். அந்தக் கூடுதல் வாடகையை ஒழுங்காகப் பணம் கட்டும் நிறுவனங்களும் சேர்ந்து சுமக்கும். அவை அதை நம் டிக்கெட்டில் ஏற்றும். அதனால்தான் 2025-ல் நிறைவேறிய விமானப் பொருட்கள் நலன் பாதுகாப்புச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். கேப்டவுன் உடன்படிக்கை இப்போது நம் நாட்டுச் சட்டம். மற்றச் சட்டங்களோடு மோதினாலும் அதுவே நிற்கும். 17 வருடம் தாமதம், ஆனாலும் நல்லது.

இனி உங்கள் பின்பாதிக்கு வருகிறேன். இந்தப் பந்தியில் யார் யாருக்கு இலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விமானத்தின் சொந்தக்காரர் முன்வரிசை. உடன்படிக்கையில் சேரும்போதே இந்தியா வேறு சில பாக்கிகளுக்கும் முன்னுரிமை கேட்டு வாங்கியிருக்கிறது: ஊழியர் சம்பளம், விமானத்தின் மீதான வரியும் கட்டணமும், பழுதுபார்த்தவரின் கூலி. பயணி அதில் இல்லை. நிறுவனம் கலைக்கப்பட்டால் திவால் சட்டத்தின் 53-வது பிரிவு சொல்லும் வரிசையில், திவால் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர், வங்கி, அரசு என எல்லோரும் போனபின் ‘மற்றக் கடன்கள்’ என்று ஒரு வரி வரும். உங்கள் டிக்கெட் பணம் அங்கே நிற்கிறது. அதுவரை பானையில் ஏதும் மிஞ்சுவது அபூர்வம். கோ ஃபர்ஸ்டைக் கலைக்க 2025 ஜனவரியில் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, அதற்கென்று சொந்தமாகப் பறக்க ஒரு விமானம் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் விமானப் பயணத்தோடு சேர்ந்த பேக்கேஜ் சுற்றுலா விற்பவர்கள் ‘அட்டால்’ என்ற உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்ட் ஒரு பொது நிதியில் கட்ட வேண்டும். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் கவிழ்ந்தபோது, அந்நாட்டு விமானத்துறை ஏறக்குறைய 1.4 லட்சம் பேரை ஊர் கொண்டுவந்து சேர்த்தது. முன்பணம் கட்டிய அட்டால் வாடிக்கையாளர்களுக்கு அந்த நிதியிலிருந்து பணம் திரும்பியது. வெறும் விமான டிக்கெட் மட்டும் எடுப்பவரை அந்த ஏற்பாடும் பெரும்பாலும் காப்பதில்லை என்பது அதன் குறை. நாம் தொடங்கும்போது அந்தக் குறையையும் சேர்த்தே தீர்க்கலாம்.

அதுவரை உங்களுக்கு ஒரு யோசனை. பல மாதங்களுக்கு முன்பே எடுக்கும் டிக்கெட்டைக் கிரெடிட் கார்டில் எடுங்கள். விமானம் பறக்காவிட்டால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பயணி கட்டிய பணம் அவர் பயணம் முடியும்வரை தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அல்லது டிக்கெட்டுக்குச் சில ரூபாய் வீதம் ஒரு காப்பு நிதி வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்காகச் சட்டம் இயற்ற முடிந்த பாராளுமன்றத்தால் இதுவும் முடியும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்