உம்மா சாப்பிட்டார்களா?

சதுரங்கப்பட்டினத்துக்கு வருகிறவர்கள் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கற்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அங்கிருந்து பாலாறு கடலில் கலக்கும் இடம் வரையிலுள்ள சிற்றூர்களில் நம் தாய்மார்கள் குடும்பம் நடத்துகிற விதத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சுபுஹு பாங்குக்கு முன் எழுந்து, வீட்டார் அனைவருக்கும் படைத்து, இரவில் சட்டியில் எஞ்சியதை வழித்துண்டு படுக்கும் அந்தப் பெண்மணியின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே, இதே தமிழகக் கடலோரத்தில், ஏட்டில் ஏறிவிட்ட ஒரு தாயாரை முன்வைத்து இம்மாதம் சில மஸ்அலாக்களைப் பார்ப்போம்.

இராமேசுவரம் மசூதித் தெருவில் வாழ்ந்த ஆஷியம்மா அவர்கள்தாம் அந்தத் தாயார். கணவர் ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர், பள்ளிவாசல் இமாமாகவும் இருந்தவர். கூட்டுக் குடும்பம். அத்தனை பேருக்கும் மேலாக, வீட்டாரைவிட வெளியார்தாம் அந்த அடுக்களையில் அதிகம் பேர் உண்டார்கள் என்று, 1931-இல் பிறந்த அவர்களுடைய மகன் அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நினைவு கூர்ந்திருக்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு அவர் கணக்குப் பாடம் படிக்கப் போக வேண்டும். தாயார் அவருக்கு முன்பே விழித்து அவரைக் குளிப்பாட்டி அனுப்புவார்கள். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவரை வளர்த்த வீடு என்பதால் மட்டும் இதை நாம் சொல்லவில்லை. அவர் மேடைகளில் சொல்லி வந்த ஒரு நிகழ்ச்சி நம் ஒவ்வொரு வீட்டையும் தொடுகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். அரிசி கிடைப்பது அரிது. ரேஷனில் வந்த கோதுமையில் தாயார் சப்பாத்தி சுடுகிறார்கள். சிறுவர் கலாம் பசியோடு உட்கார்ந்து உண்கிறார். அவர் உண்ண உண்ணத் தாயாரும் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். உண்டு முடித்து எழுந்தபின் அண்ணன் தனியே அழைத்துக் கண்டிக்கிறார். நீ கேட்டாய், அவர்கள் கொடுத்தார்கள். தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியுமா என்பதுதான் அந்தக் கண்டிப்பின் சாரம். சிறுவருக்கு உடல் நடுங்கிற்று. ஓடிப்போய்த் தாயாரைக் கட்டிக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வருகிறது. ஏழைப் பெண்ணொருத்தி இரு பெண்மக்களோடு அன்னையாரிடம் வந்தாள். அன்னையார் மூன்று பேரீச்சம்பழங்கள் கொடுத்தார்கள். மக்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள் அவள். குழந்தைகள் அதையும் கேட்டன. அதை இரண்டாகப் பிளந்து அவர்களுக்கே கொடுத்துவிட்டாள். இதைக் கேட்ட கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், அச்செயலுக்காக அல்லாஹ் அவளுக்குச் சுவனத்தை உறுதியாக்கிவிட்டான் என்று நன்மாராயம் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது.

இந்த ஹதீஸை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று பெண்களுக்கு உபதேசம் செய்து எழுந்து விடுகிறோம். இது சரியன்று என்பதே நம் கருத்து. அந்தப் பழத்தின் ஸவாபு அந்தத் தாய்க்கு உரியது. அவளைப் பசியோடு விட்டவர்களுக்கு அதில் பங்கில்லை. கேட்ட குழந்தைகள் அறியாதவை. நம் வீடுகளிலோ மீசை முளைத்தவர்களும் அந்தக் குழந்தைகளாகவே இருக்கிறோம். இராமேசுவரத்து அண்ணன் கவனித்தாரே, அந்தக் கவனிப்பைத்தான் மார்க்கம் ஆண்மக்களிடம் கேட்கிறது.

மஸ்அலாவுக்கு வருவோம். மனைவியின் உணவும் உடையும் கணவன்மீது கடமை. பாலூட்டும் தாய்மாருக்கு உணவும் உடையும் அளிப்பது குழந்தையின் தந்தைமீது பொறுப்பு என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் கூறுகிறது. மனைவியின் உரிமை என்ன என்று ஸஹாபி ஒருவர் வினவியபோது, நீர் உண்ணும்போது அவளுக்கும் உண்ணக் கொடுப்பது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தொடங்கினார்கள். நாம் உண்டபின் மிஞ்சினால் என்று அவர்கள் சொல்லவில்லை. மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்பது ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த ஹதீஸ். இதைக் கேட்டு நம் சகோதரர்கள் சிலர் சிரிக்கக் கூடும். ஊட்டாவிட்டாலும், எடுத்து வைக்கவாவது செய்யலாமே!

ஷாபிஈ மத்ஹபில் சமையலும் வீட்டு ஊழியமும் மனைவிமீது பர்ளு அல்ல. அவள் செய்வது உபகாரம். ஹனபி மத்ஹபில் மார்க்க ரீதியில் பொறுப்பு என்றாலும், கணவனின் கடமை அதனால் குறைவதில்லை. நாயகம் (ஸல்) அவர்களே வீட்டிலிருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பால் கொடுக்கும் தாய், நோன்பால் தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட அனுமதி உண்டு. பின்னர் களாச் செய்ய வேண்டும். குழந்தையை மட்டும் எண்ணி விட்டிருந்தால், ஷாபிஈகள் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் பித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனபிகளுக்குக் களா மட்டும் போதும். அக்கம்பக்கத்தார் ஏதும் சொல்வார்களோ என்று அஞ்சி, மயக்கம் வரும்வரை நோற்பது தக்வா ஆகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. கடைசியில் உண்பவருக்குக் கறியும் மீனும் கீரையும் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தால், இதற்கான காரணங்களில் ஒன்று நம் சட்டியிலேயே தெரியும்.

ரமளானில் இது இன்னும் வெளிப்படை. சஹருக்கு முதலில் எழுகிறவரும் அவரே. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, பாங்கு சொல்லப் போகிறார்கள் என்று ஒரு மிடறு தண்ணீரோடு நிய்யத் வைக்கிறவரும் அவரே. சஹரில் பரக்கத் இருக்கிறது என்ற நபிமொழி அவருக்கும் சேர்த்துத்தானே? இந்த ரமளானில் சட்டியையும் தட்டுகளையும் நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். முதல் அகப்பையை உம்மாவின் தட்டில் மகனே போடட்டும்.